தோல் தைக்க வாக்கிங் ஃபுட் மெஷின்: எதைப் பார்த்து வாங்குவது?

மூவறைவீடு · 8 மார்ச் 2025, இரவு 9.12

பணப்பை, தோள்பை இரண்டும் இப்போது கைத்தையல்தான். மாட்டுத்தோல், 1.2 முதல் 2 மி.மீ. வரை. வார் சேரும் இடத்தில் நான்கு அடுக்கு, 7 மி.மீ. வருகிறது. வீட்டுத் தையல் மெஷினிலேயே மாட்டிக்கொள்ள 'வாக்கிங் ஃபுட்' (துணியோடு சேர்ந்து நடக்கும் தையல் பாதம்) என்று ஓர் இணைப்பு விற்கிறார்களே, அது போதும் என்றுதான் நினைக்கிறேன். பவர் மெஷின் (மேசையும் மோட்டாரும் உள்ள தொழிற்சாலை மெஷின்) வைக்க வீட்டில் இடமும் இல்லை. போதாது என்றால் ஏன் என்று சொல்லுங்கள். எந்த மாடல் என்றும்.

ஊசிமுனை · 8 மார்ச், இரவு 10.05

போதாது. பெயர் ஒன்றுதான், வேலை வேறு.

அந்த இணைப்புக்கென்று தனி இயக்கம் கிடையாது. ஊசியைப் பிடிக்கும் திருகின்மேல் அதன் கவை உட்கார்ந்திருக்கும். ஊசித்தண்டு ஏறும்போது கவையும் ஏறும், ஃபுட் தூக்கப்படும். துணி நகரும்போது மேலே இருக்கும் சிறுபற்கள் கூடவே நகரும். இரண்டு அடுக்குத் துணி முன்னும் பின்னுமாக இழுபடாமல் இருக்க அது உதவும். தோலை இழுத்துக்கொண்டு போகிற பலம் அதில் இல்லை.

அதோடு ஊசி. வீட்டு மெஷின் ஊசி 130/705எச் வகை. தோல் முனையோடு என்எம் 110 (1.1 மி.மீ. தடிமன்) வரைதான் கடையில் சாதாரணமாகக் கிடைக்கும். அதில் வி-69 என்ற மெல்லிய நூலைத் தாண்ட முடியாது. 7 மி.மீ. தோலில் மெல்லிய ஊசி வளையும். வளைந்த ஊசி தகட்டில் மோதும், இல்லையென்றால் ஹூக்கின் (அடியில் நூல் வளையத்தைப் பிடிக்கும் கொக்கி) முனையைக் கீறும். ஹூக் முனை கெட்டால் அதன் பிறகு துணியைக்கூட ஒழுங்காகத் தைக்காது.

ஊசிமுனை · 8 மார்ச், இரவு 10.31

மேலே விட்டுப்போனது. மெஷின் தோலை நகர்த்தும் முக்கிய வழிகள் மூன்று. கீழ்ப்பல் (தகட்டின் அடியிலிருந்து தள்ளும் பற்கள்) மட்டும் நகர்த்துவது ஒன்று, சாதாரணத் துணி மெஷின் எல்லாம் இதுதான். கீழ்ப்பல்லோடு மேல் ஃபுட்டும் நடப்பது இரண்டாவது. மூன்றாவது காம்பவுண்ட் ஃபீட்: ஊசி தோலுக்குள் இறங்கி, உள் ஃபுட் அழுத்தி, கீழ்ப்பல்லும் சேர்ந்து மூன்றும் ஒரே நேரத்தில் பின்னால் நகரும். அவை தூக்கித் திரும்பும் நேரத்தில் வெளி ஃபுட் தோலைப் பிடித்துக்கொள்ளும். ஊசி உள்ளே இருக்கும்போதே நகர்வதால் மேல் அடுக்கும் கீழ் அடுக்கும் விலக வழியில்லை, தையல் நீளமும் மாறாது. தோலுக்கு இது.

விற்பவர்கள் இரண்டாவதையும் மூன்றாவதையும் 'வாக்கிங் ஃபுட்' என்ற ஒரே பெயரில்தான் விற்பார்கள். கண்டுபிடிக்க: ஃபுட்டைக் கீழே விட்டு, தையல் நீளத்தைக் கூட்டிவைத்து, கைச்சக்கரத்தைச் சுற்றுங்கள். ஊசி கீழே இருக்கும்போது முன்பின்னாக ஊசலாடினால் காம்பவுண்ட். நேராக ஏறி இறங்கினால் இல்லை. கையில் தூக்கிப் போகும் பெட்டி வடிவ வாக்கிங் ஃபுட் மெஷின்கள் பலவற்றில் ஊசி நகராது. பாய்மரத் துணிக்கும் கூடாரத்துக்கும் அவை அருமையானவை, தோலுக்கு இரண்டாம் பட்சம்.

மூவறைவீடு · 9 மார்ச், காலை 7.48

சரி அண்ணே, இணைப்பை விட்டுவிட்டேன். மாடல்?

ஊசிமுனை · 9 மார்ச், மதியம் 1.20

மாடலுக்கு முன்னால் நூல். எந்த நூலில் தைக்கப் போகிறீர்கள் என்று முடிவானால் ஊசி முடிவாகும், ஊசி முடிவானால் மெஷினின் வகுப்பு முடிவாகும். எல்லாரும் தலைகீழாகச் செய்வதால்தான் வாங்கிய மெஷினை ஆறு மாதத்தில் கேரோசெல் விற்பனைத் தளத்தில் போடுகிறார்கள்.

வி-69 என்பது டெக்ஸ் (1000 மீட்டர் நூலின் கிராம் எடை) 70, கண்டில் 40 என்று போட்டிருக்கும். ஊசி என்எம் 110. மெல்லிய பணப்பை, உள் துணி, ஜிப் ஓரம்.
வி-92, டெக்ஸ் 90, கண்டில் 30. ஊசி என்எம் 125. பணப்பைக்கும் சிறு பைக்கும் இதுதான் நடுவாந்திரம்.
வி-138, டெக்ஸ் 135, கண்டில் 20. ஊசி என்எம் 140. பை, வார், மெல்லிய பெல்ட்.
வி-207, டெக்ஸ் 210. ஊசி என்எம் 180. தடித்த பெல்ட்.

உங்கள் வேலை வி-69 முதல் வி-138 வரை. தடிமன் 7 மி.மீ. இது நடுத்தரக் காம்பவுண்ட் மெஷினின் சொந்த ஊர். ஜூக்கி டிஎன்யு-1541, கான்சியூ 206ஆர்பி-5, செய்க்கோவின் எஸ்டிஎச்-8 வரிசை, பழைய ஃபாஃப் 545, 1245, டுர்காப் அட்லர் 867 எல்லாம் இந்த வகுப்பு. பழையதிலேயே பழையது சிங்கர் 111டபிள்யூ155. தேய்ந்து போகாமல் கிடைத்தால் அதுவும் தோலை நன்றாகத் தைக்கும், ஆனால் பின்தையல் கிடையாது. தைத்து முடித்ததும் தோலைத் திருப்பிப் போட்டு அதே துளைகளில் மூன்று தையல் வரவேண்டும்.

குதிரைச் சேணம், 12 மி.மீ. பெல்ட் என்று யாராவது ஆசை காட்டி ஜூக்கி 441 வகையை வாங்க வைத்துவிடாதீர்கள். அதன் பற்களும் ஃபுட்டும் 2 மி.மீ. பணப்பையில் தழும்பு போடும். மெல்லிய நூலை அதில் ஒழுங்குக்குக் கொண்டுவருவது பெரும்பாடு.

உபிபட்டறை · 9 மார்ச், இரவு 8.02

நூல் கணக்கு சரி. ஆனால் சொன்னது எல்லாம் ஃப்ளாட் பெட் (தட்டைத் தளம்). தோள்பை தைக்கிறவருக்கு சிலிண்டர் பெட் (நீட்டிய உருளைக் கை) அல்லவா வேண்டும்? பையின் பக்கப்பட்டியைச் சுற்றித் தைக்கும்போது பை முழுவதும் மேசைமேல் மோதும். மூலையில் கை நுழையாது. ஃபாஃப் 335, ஜூக்கி எல்எஸ்-1341 மாதிரி சிலிண்டர் கை இருந்தால் பை கையைச் சுற்றித் தொங்கும், விளிம்பு மட்டும் ஊசிக்குக் கீழே வரும். தட்டையான வேலைக்கு மேலே ஒரு மேசைத்தட்டைத் திருகிக்கொண்டால் அதுவே ஃப்ளாட் பெட். அதைக் கழற்றினால் சிலிண்டர். ஃப்ளாட் பெட்டைக் கழற்றிச் சிலிண்டராக்க முடியாது.

ஊசிமுனை · 9 மார்ச், இரவு 9.15

அக்கா சொல்வது வெளித்தையல் பைக்கு முழுக்கச் சரி. உட்புறமாகத் தைத்துப் புரட்டும் பை என்றால் ஃப்ளாட் பெட்டே போதும், பட்டியும் முகமும் தட்டையாகவே கிடக்கும். பணப்பைக்கு ஃப்ளாட் பெட் நிம்மதி. நீளமான பெல்ட்டும் தொங்கி இழுக்காது. மெலிந்த சிலிண்டர் கையில் பாபின் சிறியது. வி-138 போட்டால் அடிக்கடி சுற்ற வேண்டும், ஒரு பையின் நடுவில் தீர்ந்துபோகும்.

மூவறைவீடு, பைகள் எப்படி? புரட்டுவதா, விளிம்பு வெளியே தெரிவதா?

மூவறைவீடு · 10 மார்ச், காலை 6.55

பணப்பை முக்கால் பங்கு. பைகளில் பாதிக்குமேல் புரட்டுவதுதான்.

ஊசிமுனை · 10 மார்ச், காலை 7.30

அப்படியானால் ஃப்ளாட் பெட். வெளித்தையல் பை கூடினால் அப்போது சிலிண்டர்.

உபிபட்டறை · 10 மார்ச், மதியம் 12.41

இந்தக் கணக்குக்கு நானும் ஃப்ளாட் பெட் என்றுதான் சொல்வேன்.

ஊசிமுனை · 11 மார்ச், இரவு 10.10

9ஆம் தேதி எழுதியதில் ஒரு திருத்தம். வி-138க்கு என்எம் 140 என்று போட்டேன். மேலே 138, கீழே 92 என்றால் 140 போதும். மேலும் கீழும் 138 என்றால் 160 போடுங்கள். காரணம் முடிச்சு. வி-138 நூலின் தடிமன் ஏறக்குறைய 0.4 மி.மீ. இரண்டு நூல் சிக்கும் முடிச்சு தோலின் நடுவில் ஒளிய வேண்டும், துளை சிறியதாக இருந்தால் மேலேயோ கீழேயோ புள்ளியாக எட்டிப்பார்க்கும். டென்ஷனை (நூல் இறுக்கத்தை) திருகித் திருகி இதைச் சரிசெய்யப் பார்ப்பவர்கள் உண்டு. ஒரு அளவு பெரிய ஊசி போட்டால் ஒரே நிமிடத்தில் தீரும். மறுபக்கம், மொத்தத் தடிமனே 1.6 மி.மீ. என்றால் எந்த ஊசி போட்டாலும் 138 முடிச்சு ஒளியாது. அங்கே 69க்கு இறங்குங்கள்.

இன்னொன்று. 160 ஊசிக்கு அமைத்த மெஷினில் திடீரென்று 110 போட்டால் தையல் விட்டுவிட்டு விழும். ஊசியின் உடல் அரை மி.மீ. மெலிகிறது, அதனால் ஒரு பக்கம் கால் மி.மீ. விலகுகிறது. ஹூக் முனைக்கும் ஊசிக்கும் இருக்க வேண்டிய இடைவெளியே 0.05 முதல் 0.1 மி.மீ.தான். கால் மி.மீ. கூடினால் முனை நூல் வளையத்தைப் பிடிக்காமல் தாண்டிப் போய்விடும். பெரும்பாலும் 125ம் 140ம் போடுவீர்கள் என்றால் 140க்கு அமைத்து விட்டுவிடுங்கள்.

உபிபட்டறை · 11 மார்ச், இரவு 10.44

ஊசி வகையையும் சொல்லிவிடுங்கள். கடையில் தவறாகக் கொடுக்கிறார்கள்.

ஊசிமுனை · 11 மார்ச், இரவு 11.02

ஜூக்கி 1541க்கும் கான்சியூ 206க்கும் 135x17. அது துணி முனை, உருண்டை. அதே நீளத்தில் தோல் முனை வேண்டுமென்றால் 135x16 என்று கேளுங்கள். ஃபாஃபும் டுர்காப் அட்லரும் 134-35. ஊசியின் மேல்தண்டுத் தடிமன் ஒன்றே என்பதால் ஒன்றின் ஊசி மற்றதில் நுழையும், நுழைவதால்தான் ஆபத்து. நீளம் வேறு. ஊசித்தண்டின் உயரத்தை மாற்றாமல் போட்டால் ஹூக் சந்திக்கும் இடம் தவறும்.

முனைகளில் எல்ஆர் சாய்வாக வெட்டும், தையல் கைத்தையல் போலச் சற்றுச் சாய்ந்து விழும். பணப்பைக்கு அழகு. எஸ் முனை தையல் போகும் திசையிலேயே வெட்டும், நேர்கோடாகத் தெரியும். ஆனால் தையல் நீளத்தைக் குறைத்தால் தபால்தலை ஓரம் மாதிரிக் கிழிய வழி வைக்கும். 4 மி.மீ.க்குக் குறையாமல் வைத்துக்கொள்ளுங்கள். தோலோடு துணி, வலை, பட்டை எல்லாம் சேர்த்துத் தைத்தால் உருண்டை முனை. வெட்டும் முனை துணியின் இழையை அறுக்கும்.

மூவறைவீடு · 15 மார்ச், மாலை 5.30

பழைய தொழிற்சாலை மெஷின் ஒன்று விற்பனைக்கு வந்திருக்கிறது, 1541 வகை, மேசையும் மோட்டாரும் சேர்த்து. நாளை பார்க்கப் போகிறேன். என்ன பார்க்க வேண்டும்?

ஊசிமுனை · 15 மார்ச், மாலை 6.48

முதலில் மோட்டாரின் பெயர்த்தகடு. தொழிற்சாலையிலிருந்து வருவது மூன்று ஃபேஸ் கிளட்ச் மோட்டாராக இருக்கலாம், 380 அல்லது 415 வோல்ட் என்று போட்டிருக்கும். வீவக (சிங்கப்பூர் வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் அது ஓடாது. வெளிநாட்டிலிருந்து வந்ததில் 100, 110 வோல்ட் மோட்டாரும் உண்டு. எதுவாக இருந்தாலும் மோட்டாருக்கு விலை வைக்காதீர்கள், கழற்றிவிட்டு 230 வோல்ட் சர்வோ (வேகத்தைக் கூட்டிக் குறைக்கக்கூடிய மோட்டார்) மாட்டுவது என்றே பேசுங்கள். 550 வாட் சர்வோ சாதாரண 13 ஆம்பியர் பிளக்கில் ஓடும்.

பிறகு தலை. கைச்சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள், ஒரு சுற்றில் எங்கேயும் இறுகக் கூடாது. ஊசித்தண்டை அடியில் பிடித்து இப்படியும் அப்படியும் அசைத்துப் பாருங்கள், கைக்குத் தெரிகிற ஆட்டம் இருந்தால் விட்டுவிடலாம். ஊசலாடும் மெஷின் என்பதால் ஆட்டம் முன்பின் திசையில் கொஞ்சம் இருக்கும், பக்கவாட்டில் இருக்கக் கூடாது. சறுக்குத் தகட்டைத் திறந்து ஹூக் முனையை உருப்பெருக்கியில் பாருங்கள், முனை மழுங்கியிருந்தாலோ பிசிறு இருந்தாலோ ஹூக் மாற்ற வேண்டும். ஊசி விழும் துளையைச் சுற்றிக் குத்துத் தடங்கள் நிறைய இருந்தால் அந்த மெஷின் அடி வாங்கியது.

அதன் பிறகு அட்டைச் சோதனை. நூலில்லாமல் தடித்த அட்டையில் இருபது துளை முன்னால் போங்கள், அப்படியே பின்தையல் நெம்பை அழுத்தி இருபது பின்னால் வாருங்கள். துளைமேல் துளை விழ வேண்டும். விழாவிட்டால் முன்னும் பின்னும் நீளம் மாறுகிறது, தோலில் அது இரட்டைத் துளையாகத் தெரியும். சிறு வித்தியாசத்தைச் சரிசெய்யலாம், அரைத் துளை தள்ளினால் தேய்மானம்.

கடைசியாக உங்கள் தோலை உங்கள் நூலில் தைத்துப் பாருங்கள். 2.4 மி.மீ. துண்டு ஒன்று, 7 மி.மீ. அடுக்கு ஒன்று, 2.4லிருந்து 7க்கு ஏறி இறங்கும் படி ஒன்று. படியில்தான் மெஷினின் குணம் தெரியும். ஏறும் இடத்தில் தையல் குறுகினால் ஃபுட் தூக்கும் உயரம் போதவில்லை, அதைக் கூட்ட வழி உண்டு. அதற்காக விலையைக் குறைத்துக் கேட்கலாம், மெஷினைத் தள்ள வேண்டியதில்லை.

உபிபட்டறை · 15 மார்ச், இரவு 7.20

1541லேயே எஸ் எழுத்தோடு வருவதில் பாதுகாப்பு கிளட்ச் உண்டு. ஹூக்கில் நூல் சிக்கினால் டைமிங் (ஊசியும் ஹூக்கும் சந்திக்கும் நேரம்) நகராமல் கிளட்ச் விலகிக்கொள்ளும். மெஷினின் அடித்தளத்தில் இருக்கும் பொத்தானை அழுத்திக்கொண்டு கைச்சக்கரத்தைப் பின்னோக்கி அழுத்தித் திருப்பினால் மறுபடி பூட்டிக்கொள்ளும். பவர் மெஷினுக்குப் புதியவருக்கு இது நல்ல காவல். இருந்தால் நூறு வெள்ளி கூடக் கொடுக்கலாம்.

ஊசிமுனை · 15 மார்ச், இரவு 7.35

ஆமாம். தைக்காமல் கிடக்கும் மெஷினை டைமிங் போனது என்று விற்பவர் நினைத்திருந்தால் இதையும் அழுத்திப் பாருங்கள்.

மூவறைவீடு · 16 மார்ச், இரவு 8.50

வாங்கிவிட்டேன். எஸ் வகைதான். அட்டைச் சோதனையில் துளைகள் பொருந்தின. சர்வோ மாட்டியாயிற்று. ஆனால் பெடலை லேசாகத் தொட்டாலே பறக்கிறது, 7 மி.மீ.யில் மெதுவாகப் போனால் நின்றுவிடுகிறது.

ஊசிமுனை · 16 மார்ச், இரவு 9.33

கப்பி பெரியது. மோட்டாரில் என்ன கப்பி இருக்கிறது? 75 மி.மீ. என்றால் மாற்றுங்கள். கைச்சக்கரக் கப்பி 100 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். மோட்டார் நிமிடத்துக்கு 200 சுற்று மெதுவாக ஓடினால் 75 கப்பியில் 150 தையல், விநாடிக்கு இரண்டரை. 50 கப்பியில் 100 தையல், விநாடிக்கு இரண்டுக்கும் குறைவு. வேகம் குறைவதைவிட முக்கியம், அதே விகிதத்தில் ஊசிக்குப் போகும் விசை ஒன்றரை மடங்காகிறது. பெல்ட்டும் குட்டையாக வேண்டும், கழற்றிய பெல்ட்டின் அளவைப் பார்த்துக்கொண்டு அதைவிடச் சிறியது வாங்குங்கள்.

சர்வோ போட்டால் வேகக் குறைப்பான் தேவையே இல்லை என்று எழுத வந்தேன். யோசித்தால் உங்களுக்குச் சரி, எல்லாருக்கும் சரியில்லை. சர்வோ மோட்டார்கள் பல மிகக் குறைந்த சுற்றில் விசை இழக்கும். சின்னக் கப்பிக்குப் பிறகும் 7 மி.மீ.யில் நின்றால் 3க்கு 1 குறைப்பான் ஒன்றை மேசைக்கு அடியில் மாட்டுங்கள். நிமிடத்துக்கு 33 தையல் வரை இறங்கும், ஏறக்குறைய இரண்டு விநாடிக்கு ஒன்று. விசை மும்மடங்கு. மூலை எண்ணித் தைக்கிறவருக்கு அது சுகம்தான்.

மூவறைவீடு · 22 மார்ச், மதியம் 3.15

கப்பி 50 போட்டேன். படி ஏறுகிறது. இப்போது இரண்டு தொல்லை: தோலின் மேல் பல் தடம், தொடக்கத்தில் அடியில் நூல் கூடு.

ஊசிமுனை · 22 மார்ச், மாலை 4.40

தடம்: வெளி ஃபுட்டின் அடியில் பல் வெட்டியிருக்கும். வழவழப்பான ஃபுட் ஜோடியும் வழவழப்பான கீழ்ப்பல்லும் தனியாகக் கிடைக்கும், மூன்றையும் மாற்றுங்கள். அதற்குமுன் ஃபுட் அழுத்தத்தைக் குறைத்துப் பாருங்கள். தோல் ஊசியோடு மேலே எழும்பாத அளவுக்கு அழுத்தம் இருந்தால் போதும். எழும்பினால் தையல் விடும், அந்த இடத்திலிருந்து அரைச் சுற்று இறுக்குங்கள். ஆம்பூர் பக்கத்துக் குரோம் தோல் தடத்தைக் கொஞ்சம் மன்னிக்கும். திண்டுக்கல் இஐ (ஈஸ்ட் இந்தியா) தோல் மாதிரித் தாவரப் பதனில் வந்தது பட்ட தடத்தை விடாது.

நூல் கூடு: அடியில் சிக்கினால் குற்றம் மேலே. மேல் நூல் டென்ஷன் தட்டுகளுக்கு நடுவே உட்காரவில்லை. ஃபுட்டைத் தூக்கிவைத்து நூலைக் கோர்த்துக்கொள்ளுங்கள், அப்போதுதான் தட்டுகள் திறக்கும். தொடக்கத்தில் இரண்டு நூல் முனையையும் பின்னால் இழுத்துப் பிடித்து மூன்று தையல் போன பிறகு விடுங்கள். பாபினைத் தளர்வாகச் சுற்றியிருந்தாலும் இது வரும். விரல் நகத்தால் அழுத்தினால் சுற்று பள்ளம் விழக் கூடாது.

உபிபட்டறை · 22 மார்ச், மாலை 5.05

இரட்டைப் பக்க ஒட்டுப் பட்டை போட்டுத் தைக்கிறீர்களா? பசை ஊசிக்கண்ணில் ஏறினாலும் நூல் பிய்யும், தையல் விடும். பட்டையை ஓரத்திலிருந்து 5 மி.மீ. உள்ளே ஒட்டி, தையலை 3 மி.மீ.யில் போடுங்கள். ஊசி பசையைத் தொடாது.

மூவறைவீடு · 22 மார்ச், இரவு 9.00

அதேதான் அக்கா, பட்டைமேலேயே தைத்துக்கொண்டிருந்தேன்.

ஊசிமுனை · 6 ஏப்ரல், காலை 10.20

வீட்டில் வைப்பதைப் பற்றி யாரும் பேசவில்லை. தலை மட்டுமே 35 கிலோவுக்கு மேல். மேசையோடு ஒரே ஆளாக நகர்த்தாதீர்கள், தலையைப் பின்னால் சாய்க்கும்போது தாங்குகட்டை இருக்கிறதா என்று பார்த்துச் சாயுங்கள். கால்களுக்கு அடியில் தடித்த ரப்பர். சத்தத்தைவிட அதிர்வுதான் கீழ்வீட்டுக்குப் போகும். இரவு 10 மணிக்குமேல் ஊசி வேண்டாம், அந்த நேரத்தில் தோல் வெட்டலாம், ஓரம் சீவலாம். விற்பதற்காகத் தைத்தால் வீவகவின் வீட்டுத் தொழில் நிபந்தனைகளை ஒருமுறை படித்துவிடுங்கள்.

நம் ஊர் ஈரத்தில் வாரக்கணக்கில் துணி போர்த்தி மூடிவைத்தால் ஊசித்தண்டில் துரு படரும். வேலை முடிந்ததும் தண்டையும் தகட்டையும் எண்ணெய்த் துணியால் துடையுங்கள். வெள்ளைத் தையல் மெஷின் எண்ணெய்தான், துரு நீக்கும் தெளிப்பான் அல்ல. தெளிப்பான் இருக்கும் எண்ணெயையும் கழுவிவிடும். ஹூக்குக்கு ஒவ்வொரு பாபினுக்கும் ஒரு சொட்டு. எண்ணெய் போட்டதும் கழிவுத்தோலில் ஒரு முழம் தைத்துவிட்டுப் பணப்பையைத் தொடுங்கள்.

மூவறைவீடு · 13 ஏப்ரல், இரவு 8.10

எல்லாம் ஓடுகிறது. ஒன்று மட்டும்: பணப்பையின் மூலையில் திருப்பியதும் முதல் தையல் விட்டுப்போகிறது. நாலு மூலைக்கு ஒன்றாவது.

ஊசிமுனை · 13 ஏப்ரல், இரவு 8.52

ஊசி அடிமட்டத்தில் இருக்கும்போதே ஃபுட்டைத் தூக்கித் திருப்புகிறீர்கள். அந்த நிலையில் ஹூக் இன்னும் வளையத்தைப் பிடிக்கவில்லை, தோல் திரும்பும்போது வளையம் முறுக்கிக்கொள்ளும். ஊசி அடிமட்டத்தைத் தொட்டு மேலே 3 மி.மீ. ஏறும்வரை கைச்சக்கரத்தைச் சுற்றுங்கள். ஏறக்குறைய 2.2 முதல் 2.5 மி.மீ. ஏறும்போதே ஹூக் முனை நூலைப் பிடித்துவிடும். அதற்குப் பிறகு முழங்கால் நெம்பால் ஃபுட்டைத் தூக்கி, தோலைத் திருப்பி, ஃபுட்டை இறக்கி, முதல் தையலைக் கையாலேயே போடுங்கள்.

மூவறைவீடு · 13 ஏப்ரல், இரவு 9.40

பன்னிரண்டு மூலை போட்டேன். ஒன்றும் விடவில்லை.